பின்னிணைப்பில் பதினோராவது பெயர்

எண்ணெய் விலை விழுந்துகிடந்த வருடம் அது. ரொறன்ரோவில் பெற்றோல் அடிக்க நின்றவர்களின் முகங்கள் கொஞ்சம் மலர்ந்திருந்தன. நான் வேலை செய்த கந்தோருக்கு அதே விலை வேறு வழியாக வந்து சேர்ந்தது. எண்ணெயை மட்டும் நம்பியிருந்தால் இனிச் சரிவராது என்று பயந்துபோன வளைகுடா நாடொன்று, தன் கடற்கரைக்கு உல்லாசப் பயணிகளை வரவழைக்கலாமா என்று வெளியில் விசாரித்துக்கொண்டிருந்தது. கரையைத் தின்று முடிக்காமல், பத்து இருபது வருடம் கழித்தும் ஆட்கள் வந்துகொண்டிருக்கும் விதமாகச் செய்ய வழி உண்டா என்பது அவர்களுடைய கேள்வி. அதன் பெரிய பகுதி பெரிய நிறுவனங்களிடம் போனது. அந்தக் கரை எத்தனை பேரைத் தாங்கும் என்ற ஓர் அத்தியாயம் மட்டும் எங்களிடம் வந்தது.

எங்களிடம் என்றால் நான்கு பேர். நகரத்தின் நடுவில், ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலே மூன்று அறைகள். முதலாளி ஓய்வுபெறும் வயதைத் தாண்டிய எஞ்சினியர். திங்களும் செவ்வாயும் வந்து வரைபடம் கீறுகிற ஒருவர். அத்தியாயத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் நியூஃபவுண்ட்லாந்தில் பிறந்த ஒரு பெண்மணி. நான்காவது ஆள் நான். உதவி ஆய்வாளர் என்று பெயர். செய்தது தட்டச்சு, கோப்பு, தொலைபேசி. ஊரில் ஏழு வருடம் பத்திரிகையில் இருந்துவிட்டு, இங்கே வாகனத் தரிப்பிடக் கூண்டுக்குள் மூன்று குளிர்காலம் உட்கார்ந்திருந்த எனக்கு, ஒரு மேசையும் அதன் மேல் ஒரு விளக்கும் பெரிய விசயமாக இருந்தன.

அந்தப் பெண்மணியின் ஊரில் மீன்பிடியை ஒரே நாளில் மூடியிருந்தார்கள். ஒரே பொருளை நம்பியிருக்கும் ஊருக்கு என்ன நடக்கும் என்று அவர் புத்தகத்தில் படிக்கத் தேவையிருக்கவில்லை. மீன் போன பிறகு அங்கே உல்லாசப் பயணிகள் வந்தார்களாம். மீன் வெட்டிய மேசைகளைப் படம் எடுத்துக்கொண்டு போனார்களாம். அந்த மேசைகளில் நின்ற பெண்களுக்கு அதனால் ஒரு வேலையும் வரவில்லை என்று, உணர்ச்சி எதுவும் காட்டாமல், சாண்ட்விச்சைச் சுற்றிய தாளை மடித்தபடி சொன்னார்.

அவருக்கு ஒரு பிரச்சினை இருந்தது. அந்தக் கரையின் பெறுமதி அங்கே முட்டையிட வரும் கடலாமைகளில் இருந்தது. ஆமைகள் கோடையில்தான் பெருமளவில் ஏறும். அவரை அனுப்பியதோ தை மாதத்தில், பத்து நாள். வெறும் மணலைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"எங்கள் ஆட்கள் அங்கே இருந்திருக்கிறார்கள்" என்றேன்.

"யார், பத்திரிகையாளர்களா?"

"இல்லை. சமையல்காரர்கள், டிரைவர்கள், மின்சாரக்காரர்கள்."

அவர் தன் குறிப்புப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "அவர்களைக் கண்டுபிடி" என்றார்.

கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. ஒஷாவாவில் ஒரு மின்சாரக்காரர், பிறம்ரனில் லொறி ஓட்டும் ஒருவர், மிச்சப் பேர் ஸ்காபரோவில். ஒருவர் இன்னொருவரின் தொலைபேசி இலக்கத்தைத் தந்தார். ஒவ்வொருவரிடமும் பெயர், வயது, வேலை, எந்த முகாம், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம்வரை என்று கேட்டு எழுதிக்கொண்டேன். பத்திரிகையில் எனக்கு முதல் நாள் படிப்பித்தது அது. ஆள் இல்லாத செய்தியை எங்கள் செய்தி ஆசிரியர் படித்துப் பார்க்காமலே கிழித்துக் கூடையில் போடுவார். சந்தித்தவர்களின் பட்டியலை நான்காவது பின்னிணைப்பாக, அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் தட்டச்சு செய்தேன். பதினொரு பேர் சேர்ந்தார்கள்.

பதினோராவது ஆள் ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் இருந்தார். நாற்பத்தைந்து வயது. மன்னார்ப் பக்கம். அந்தக் கரையில் எண்ணெய்க் கம்பனி முகாமொன்றில் நான்கு வருடம் சமைத்தவர். வரிசை வீடொன்றின் நிலக்கீழ் அறையில், உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குப் பக்கத்தில் அவருடைய கட்டில். அதற்கு மேலே மாதா படம். படச் சட்டத்தில் செருகிய ஒரு சிறிய புகைப்படத்தில் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும். பாண் செய்யும் தொழிற்சாலையில் காலை வேலை முடித்து, கையில் மா வாசம் போகாமல் வந்திருந்தார்.

"தம்பி, நீங்கள் பேப்பர்க்காரனோ, கவுண்மேந்துக்காரனோ?"

"ரெண்டுமில்லை அண்ணை. ஒரு கந்தோர். ஆமையைப் பற்றிக் கேக்க வந்தனான்."

"ஆமையோ?" அவர் குலுங்கிச் சிரித்தார். "கனடாவுக்கு வந்து ரெண்டு வருசம். என்னட்டை ஆமையைப் பற்றிக் கேக்க வந்த முதல் ஆள் நீங்கள். மற்றவையெல்லாம் ஆரார் உங்களை அடிச்சது எண்டுதான் கேட்டவை."

அவருடைய அகதிக் கோரிக்கை விசாரணைக்கு வராமல் கிடந்தது. மனைவியும் பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். "கேஸ் எடுபட்டாத்தான் அவையளைக் கூப்பிடலாம். பெரியவளுக்குப் பதினாறு. லொட்ஜில எத்தினை நாளைக்கு வச்சிருக்கிறது? பொலிஸ் வாறபோதெல்லாம் மனுசி எனக்கு ரெலிபோன் கோல் எடுத்து அழுகுது" என்றார். பிறகு ரீ ஊற்றித் தந்துவிட்டு, ஆமைக்கு வந்தார்.

"எங்கட முகாமுக்குக் கிட்ட ரெண்டு குடா. வடக்குக் குடாவில நிண்டு பாத்தா முகாமில காஸ் எரியிற நெருப்புத் தெரியும். ஆமைக்குஞ்சு பொரிச்சு வெளிக்கிட்டா வெளிச்சம் தெரியிற பக்கம்தான் போகும் தம்பி. கடலில வானம் கொஞ்சம் வெளிச்சமா இருக்கும், அதை நம்பித்தான் அது இறங்கிறது. அங்க நெருப்பு எரியுது. எல்லாம் முகாமுக்குத்தான் ஊர்ந்து வரும். விடியக் குசினி திறக்கப் போவன், கதவடியில காஞ்சு செத்துக் கிடக்கும். எத்தினை நாள் தும்புத்தடியால கூட்டி அள்ளியிருக்கிறன்."

"மற்றக் குடா?"

"அதுக்கு முன்னால ஒரு மலை மறைக்குது. நல்ல இருட்டு. ஆமையெல்லாம் அங்கதான்."

எங்களிடம் வந்திருந்த திட்ட வரைபடத்தில் ஹோட்டலுக்குக் குறித்திருந்த இடம் அந்த இரண்டாவது குடா. அதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"வடிவான இடம்தானே. காரில வந்து பாக்கிறவனுக்கு வடிவுதான் தெரியும். ஹோட்டலை மலைக்கு இஞ்சால கட்டச் சொல்லுங்கோ. கடல் பக்கம் ஒரு பல்ப்பும் எரியப்படாது. மணலுக்குள்ள வாகனம் விடப்படாது. குசினிக் கழிவைக் கரையில கொட்டினா நரி வரும், ஒரு முட்டையும் மிஞ்சாது. அங்க மீன்பிடிக்கிற சனம் இருக்கு. ஆக்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிற வேலையை அவையளுக்குக் குடுக்கச் சொல்லுங்கோ."

"ஊர்ச் சனம் ஹோட்டல் வேலைக்கு வருவினமோ?"

"அதைத்தான் கேக்கோணும். முகாமில சமைச்சது நான். கோப்பை கழுவினது பங்களாதேஷ்காரன். வான் ஓடினது பாகிஸ்தான்காரன். ஊர்ப் பெடியனுக்குக் கவுண்மேந்தில ஒரு கதிரை இருந்தது, எண்ணெய்க் காசில. நாளைக்கு எண்ணெய் முடிஞ்சு ஹோட்டல் வந்தாலும் குசினியில நான்தான் நிப்பனெண்டா, அவங்களுக்கு என்ன மாறினது? எசமான் மாறினான், அவ்வளவுதான்."

இந்தக் கடைசி வசனங்களை நான் ஆங்கிலத்தில் ஏறக்குறைய அப்படியே எழுதிக் கொடுத்தேன். பெண்மணி அதை வெட்டாமல் அத்தியாயத்தில் சேர்த்தார்.

அன்றைக்குப் பேசி முடித்ததும் அந்தச் சமையல்காரர் ஒரு பீட்சாக் கடை விளம்பரத் தாளைத் திருப்பி, வெறுமையான பின்பக்கத்தில் வரைபடம் கீறினார். இரண்டு குடா, நடுவில் மலை, கிணறு, மீன்பிடிக் கிராமம், முகாம், நெருப்பு, குசினிக் கதவு. மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர் கீறிய கரை அது. வளைவுகள் எல்லாம் எங்களிடமிருந்த அரசாங்க வரைபடத்தோடு பொருந்தின. எங்கள் வரைபடக்காரர் அதைப் பார்த்துச் சுத்தமாகக் கீறினார். நாற்பத்தேழாம் பக்கத்தில் அது வந்தது. அதன் மறுபக்கம், நாற்பத்தெட்டில், இரண்டாவது குடாவை இருட்டாகவே விடவேண்டும் என்ற பரிந்துரை.

படத்துக்குக் கீழே, சிறிய சாய்ந்த எழுத்தில், கீறிக் கொடுத்தவர் பெயரையும், முகாம் சமையல்காரர் என்பதையும், அவர் அங்கே இருந்த வருடங்களையும் போட்டேன். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. படம் என்றால் கீழே பெயர் போடுவது பழக்கம். ஒரு சமையல்காரரின் பெயர் ஓர் அரசாங்கத்துக்குப் போகும் அறிக்கையில் அச்சாவதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பெண்மணி அன்று காலை விமானம் ஏறிவிட்டார். சனிக்கிழமை அங்கே கூட்டம். அந்த நாட்டில் வாரம் சனிக்கிழமைதான் தொடங்கும். அறிக்கையின் பன்னிரண்டு பிரதிகள் தெருமுனைப் படியெடுக்கும் கடையில் கட்டப்பட்டுக்கொண்டிருந்தன. நாலு மணிக்குக் கூரியர்காரர் வந்து பதினொன்றை அவருடைய ஹோட்டலுக்கும், ஒன்றை ஒட்டாவாவுக்கும் எடுத்துப் போவதாக ஏற்பாடு. செலவின் ஒரு பகுதியைத் தலைநகர் ஒட்டாவாவிலுள்ள ஓர் அரசாங்கத் திணைக்களம் கொடுத்திருந்தது.

பன்னிரண்டு மணியளவில் தொலைபேசி அடித்தது. பின்னால் மெசின் சத்தம்.

"தம்பி, நான் மல்வேர்ன் அண்ணை. உங்கட அந்தப் புத்தகத்தில என்ர பேர் இருக்கோ?"

"ஓம் அண்ணை. வடிவாப் போட்டிருக்கு" என்றேன், பெருமையாக.

 மெசின் சத்தத்துக்கு மேலால் அவர் குரல் எழும்பியது.

"எடுங்கோ. என்ர ராசா, உடன எடுங்கோ."

விசாரணைக்குத் திகதி வந்திருந்தது. இன்னும் மூன்று கிழமை, இருபத்தொரு நாள். கடிதம் கிடைத்ததும், அகதிக் கோரிக்கைக்கு நிரப்பிக் கொடுத்த பழைய ஃபோமை எடுத்துப் படித்துப் பார்த்திருக்கிறார். அதில் அவர் வளைகுடாவில் இருந்த நான்கு வருடமும் மன்னாரில் கடை வைத்திருந்ததாக இருந்தது.

"ஆர் அண்ணை அப்பிடி எழுதினது?"

"ஃபோம் நிரப்பித் தந்தவர்தான். வெளிநாட்டில இருந்ததெண்டு எழுதினா, அங்க பாதுகாப்பா இருந்திட்டு ஏன் திரும்பிப் போனனீ, அப்ப உனக்குப் பயமில்லைத்தானே எண்டு கேப்பாங்கள் எண்டவர். என்ர ஒப்பந்தம் முடிஞ்சுது தம்பி. அனுப்பிப்போட்டாங்கள். திரும்பிப் போகாம என்ன செய்யிறது? அதுக்குப் பிறகுதானே எனக்கு எல்லாம் நடந்தது."

அந்த நாட்களில் இப்படி ஃபோம் நிரப்புகிறவர்கள் ஒவ்வொரு கட்டடத்திலும் ஒருவராவது இருந்தார்கள். தாங்கள் அகதி விசாரணையில் தேறிவிட்டவர்கள் என்பதுதான் அவர்களுடைய தகுதி. குசினி மேசையில் வைத்து, எந்த இடத்தில் கேள்வி வரும் என்று ஊகித்து, பதில் சிக்கலான இடங்களை வெட்டுவார்கள். உதவி செய்வதாகவே நினைத்துச் செய்தார்கள். பிரதி திருத்திய எனக்கு அந்த வேலை தெரியும். வெட்டியவனுக்கு வெட்டு தெரியாது; மூன்றாவதாகப் படிக்கிறவன் கண்டுபிடிப்பான்.

"லோயரிட்டைச் சொல்லி மாத்தலாமே அண்ணை?"

"மாத்தினா, முதல் ஏன் பொய் சொன்னனீ எண்டு வரும். ஒண்டு பொய்யெண்டா எல்லாம் பொய்யெண்டு போட்டு எழும்பிப் போயிடுவாங்கள். என்ர தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போனது பொய்யோ? என்ர முதுகு பொய்யோ?" குரல் உடைந்து, பிறகு தணிந்தது. "புத்தகம் எங்க போகுது?"

"அந்த நாட்டுக்கு. ஒரு கொப்பி மட்டும் ஒட்டாவாவுக்கு."

"ஒட்டாவாவுக்கோ!"

"அது வேற திணைக்களம் அண்ணை. வியாபாரம் சம்பந்தமான இடம்."

"என்ன வேற? எல்லாரும் மத்தியானம் ஒரே இடத்திலதானே சாப்பிடுவினம்?"

வேறு ஒரு நாளில் சிரித்திருப்பேன். அன்றைக்கு எனக்கு ஒரு நீளமான சாப்பாட்டு மேசையும், அதில் இருவர் நாற்பத்தேழாம் பக்கத்தைப் பற்றிப் பேசுவதும் கண்ணுக்கு முன்னால் வந்தது. இல்லை, நாற்பத்தேழாம் பக்கம் அப்போது நினைவில் இல்லை. நினைவில் இருந்தது கடைசிப் பக்கம் மட்டும்.

முதலாளியைக் கேட்டேன். காரணத்தைச் சொல்லவில்லை, ஒருவர் பெயர் வேண்டாம் என்கிறார் என்று மட்டும் சொன்னேன். "பட்டியலையே எடுத்துவிடு. பெயர்கள் வெளியிடப்படவில்லை என்று ஒரு வரி போடு" என்றார், பார்த்துக்கொண்டிருந்த தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். அவ்வளவு சுலபமாக முடிந்தது. புதிய கடைசிப் பக்கத்தைத் தட்டி, கடைக்குக் கொண்டுபோய், பன்னிரண்டு பிரதிகளிலும் மாற்றுவித்தேன். பிளாஸ்டிக் சீப்பு மாதிரியான கட்டு. விரித்தால் ஒரு தாளைக் கழற்றி வேறு தாளைப் போடலாம். மூன்று மணிக்கு வேலை முடிந்தது. பாண் தொழிற்சாலைக்குக் கோல் எடுத்து, அங்கே அவரைக் கூப்பிட்டுத் தர ஆள் இல்லாததால், அவர் குடியிருந்த வீட்டுக்காரருக்கு எடுத்து, "எடுத்தாச்சு எண்டு அண்ணைக்குச் சொல்லுங்கோ" என்று சொல்லி வைத்தேன்.

கடையிலேயே கூரியருக்குக் காத்திருக்கும்போது ஒரு பிரதியைப் புரட்டினேன். பத்திரிகையில் இருந்தவனுக்கு அச்சான எதையும் புரட்டாமல் இருக்க முடியாது. நாற்பத்தேழில் நின்றேன்.

அந்த வரி மிகச் சிறியது. ஆனால் படத்துக்குக் கீழே வேறெதுவும் இல்லை. முழுப் பெயர், வேலை, வருடங்கள். பின்னிணைப்பில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது.

மூன்றரை மணி. வரைபடக்காரர் செவ்வாய்களில் மதியத்தோடு போய்விடுவார். மூலப்படம் அவருடைய பையில். கடையில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். இரண்டு மெசினும் ஓடிக்கொண்டிருந்தன. கடைக்காரரிடம் வெள்ளை மை வாங்கி, முதல் பிரதியில் அந்த வரியின் மேல் பூசினேன். ஊதிக் காயவைத்தேன். பிறகு, ஏன் என்று தெரியாமலே, தாளைக் கழற்றி, மறுபக்கம் திருப்பி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வெளியே பனியில் பட்டுவந்த வெளிச்சம். வெள்ளை மைக்கு உள்ளே அந்தப் பெயர் சாம்பல் நிறத்தில், இடம் வலம் மாறி, ஒவ்வோர் எழுத்தாகத் தெரிந்தது.

மற்றப் பதினொன்றிலும் பூசவில்லை. தாளைக் கழற்றினேன். ஒவ்வொன்றாகப் பன்னிரண்டு தாள். அவசரத்தில் இரண்டு பிரதிகளில் துளைகள் கிழிந்தன. நாற்பத்தாறுக்குப் பிறகு நாற்பத்தொன்பது வந்தது. கூரியர்காரர் தள்ளுவண்டியோடு உள்ளே வந்தபோது பன்னிரண்டு தாளும் என் மேல்கோட்டுக்குள் இருந்தன.

ஒரு வெள்ளைத் தாள்துண்டை அந்த வரியின் மேல் வைத்துப் படியெடுத்திருக்கலாம். வரிசையில் நின்ற பிள்ளைகளிடம் கேட்டிருந்தால் விட்டிருப்பார்கள். ஒரு கத்தரிக்கோல் இருந்தாலே போதும், அடியில் அரை அங்குலத்தை வெட்டியிருக்கலாம். இதெல்லாம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் தோன்றியது. அந்த அரை மணி நேரத்தில் எனக்குத் தெரிந்தது அகற்றுவது மட்டும்தான்.

பெண்மணிக்கு அறிவிக்க வேண்டும் என்று புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் நினைத்தேன். தொலைநகலில் எழுதினால் அதுவும் ஒரு தாள் என்று பயம் வந்தது. முதலாளியிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை பெண்மணியே அங்கிருந்து அழைத்தார்.

"நாற்பத்தேழாம் பக்கம் எங்கே?"

சொன்னேன். இந்தத் தடவை காரணத்தையும் சொன்னேன்.

கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, "நாற்பத்தேழாம் பக்கத்தைப் பாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார். பதினொரு பேரும் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டதாம். பிறகு ஒரு பலகையில் தன் கையாலேயே இரண்டு குடாவைக் கீறிக் காட்டியிருக்கிறார். அறிக்கையில் இல்லாத விசயத்தைப் பற்றிப் பேச நேரமில்லை என்று தலைவர் மரியாதையாகச் சொல்லி அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டாராம்.

"எனக்குச் சொல்லியிருந்தால் நான் ஹோட்டல் அறையில் வைத்துக் கத்தரித்திருப்பேன்" என்றார். கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "இப்போது அனுப்பு. பெயர் இல்லாமல்."

அனுப்பினேன். கிடைத்ததாக ஒரு வரி வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

இதற்கிடையில் இன்னொன்று என்னைத் தின்றுகொண்டிருந்தது. மாசி மாதத்தில் அறிக்கையின் முதல் வரைவு ஒன்று ஒட்டாவாவுக்குப் போயிருந்தது. பின்னிணைப்புகள் அதில் இல்லை; முகப்புக் கடிதத்தில் அது தெளிவாக இருந்தது. ஆனால் வரைபடம்? கோப்பிலிருந்த எங்கள் பிரதியில் வரைபடம் ஒரு கவ்வியால் சேர்க்கப்பட்டிருந்தது. அனுப்புவதற்கு முதல் சேர்த்தேனா, பிறகு சேர்த்தேனா? எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாத் தாளிலும் திகதி போடுகிற நான் அந்தத் தாளில் போட்டிருக்கவில்லை. மூன்று கிழமையும் அந்தக் கோப்பை நாளுக்கு இரண்டு தடவை திறந்து பார்த்தேன். திறப்பதால் ஒன்றும் மாறவில்லை. மல்வேர்ன் அண்ணையிடம் இதைச் சொல்லவில்லை. அவர் இரண்டு நாளுக்கு ஒரு தடவை கோல் எடுத்து, "எல்லாம் எடுத்தாச்சுத்தானே தம்பி?" என்று கேட்பார். "எடுத்தாச்சு அண்ணை" என்பேன். பன்னிரண்டு தாளின் கணக்கில் அது உண்மை.

விசாரணை அன்று லீவு எடுத்தேன். உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை. கட்டடத்தின் கீழ்த்தளக் கோப்பிக் கடையில் இருந்தேன். அவர் இரவல் கோட்டில், கழுத்துப்பட்டி இறுகக் கட்டி, லோயருக்குப் பின்னால் லிஃப்டுக்குள் போனார். கதவு மூடும்போது என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மூன்று கோப்பி குடித்தேன். லிஃப்டிலிருந்து கோப்போடு இறங்கிய ஒவ்வொருவரையும் பார்த்தேன். அவர்களில் யாராவது ஒட்டாவாவிலிருந்து வந்தவராக இருக்கலாம் என்று நினைத்தேன். அவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

இரண்டரை மணித்தியாலம் கழித்து இறங்கி வந்தார். கழுத்துப்பட்டி தளர்ந்திருந்தது. லோயர் கை கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்.

"கேட்டவங்களோ?"

"ஆமிக்காரர் அடிச்சதைக் கேட்டாங்கள். என்ர தம்பியைக் கொண்டுபோனதைக் கேட்டாங்கள். முதுகைக் காட்டவோ எண்டு நான் கேட்டன், வேண்டாமெண்டிட்டாங்கள்."

"அந்த நாலு வருசம்?"

"கடையெண்டு எழுதியிருக்கே, என்ன கடையெண்டு மட்டும் கேட்டவர். சாப்பாட்டுக் கடையெண்டன்." சுற்றிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சமைச்சனான்தானே தம்பி. அது பொய்யில்லைத்தானே?"

அவருடைய கை குளிர்ந்திருந்தது; ஒரு ரீ வாங்கிக் கொடுத்தேன். முடிவு உடனே சொல்லப்படவில்லை. அந்த வசந்தம் முழுக்க அவரும் தபால்பெட்டியைப் பார்த்தார், நானும் என் கோப்பைப் பார்த்தேன். ஆனி மாதத்தில் கடிதம் வந்தது. ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் அதைத் தொலைபேசியில் வாசித்தபோது ஒரே வசனத்தை மூன்று தடவை வாசித்தார்.

மனைவியும் பிள்ளைகளும் வந்துசேர அடுத்த வருடம் இலையுதிர்காலம் ஆகிவிட்டது. அதற்குள் அவர் மல்வேர்னிலேயே ஓர் அடுக்குமாடியில் வீடு எடுத்திருந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டார். அவரே சமைத்திருந்தார், மீன், கணவாய், இறால், மூன்றும். பெரியவள் இரவுப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பதைப் பற்றிச் சொன்னாள். சின்னவள் ரீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சாப்பிட்ட பிறகு அவர் என்னைப் பல்கணிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"அந்தக் குடாவில என்ன கட்டினவங்கள்?"

"ஒண்டும் கட்டேல்லை அண்ணை. எண்ணெய் விலை திரும்ப ஏறத் தொடங்கிட்டுது. விலை ஏறினதும் அவைக்கு அவசரம் போயிட்டுது. எல்லா அத்தியாயத்தையும் கட்டி அலுமாரிக்குள்ள வச்சிட்டினமாம்."

பெண்மணி சொன்னதைத்தான் சொன்னேன். அவர் அதைச் சொல்லும்போது முகம் சுளித்திருந்தார். அவருடைய ஊரிலும் மீன் நிறையப் பட்ட வருடங்களில் வேறு தொழிலைப் பற்றிப் பேசியவர்களை ஒருவரும் கேட்கவில்லையாம்.

"விலை விழுந்தா?"

"விழுந்தா அலுமாரியைத் திறப்பினம்."

"திறந்தா அந்தப் பக்கம் இருக்காது, என்ன?"

"பிறகு அனுப்பினதை ஆராவது சேத்து வச்சிருந்தா இருக்கும்."

அவர் கீழே வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பட்டப்பகலில் விளக்கொன்று அணைக்க மறந்து எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப இப்போதைக்கு இருட்டாத்தான் இருக்கு" என்றார்.

"இப்போதைக்கு."

"நான் கீறின அந்த பீட்சாத் தாள் உங்களிட்டை இருக்கோ?"

"இருக்கு அண்ணை. உங்களுக்குத் தரத்தான் வச்சிருக்கிறன். அடுத்த முறை வரேக்கை கொண்டுவாறன். பிள்ளையளுக்குக் காட்டுங்கோ, அப்பா எங்க இருந்தவரெண்டு."

அவர் கண்ணாடிக் கதவுக்குள்ளால் பார்த்தார். மனைவி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பெரியவள் மேசையில் ஏதோ ஒரு ஃபோமை நிரப்பிக்கொண்டிருந்தாள். நாக்கைக் கடித்தபடி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒவ்வோர் எழுத்தாக.

"இல்லைத் தம்பி, உங்களிட்டையே இருக்கட்டும்" என்றார். "கனடாச் சிற்றிசன்சிப் எடுத்தாப் பிறகு தாங்கோ."